கல் தரை: அடியில் உள்ள ஈரம் போகட்டும், சீலர் காத்திருக்கட்டும்

புதிதாகப் போட்ட கல் தரையைப் பற்றி ஓரிரு மாதத்தில் வரும் புகார்கள் எல்லா இடத்திலும் ஒரே ரகம்தான். கல்லின் ஓரம் நான்கு பக்கமும் கறுத்துக் கிடக்கிறது, இடுக்குகளில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, சில கற்கள் தட்டினால் டொக்கென்று கேட்கின்றன, கறை இறங்காமலிருக்கப் பூசும் சீலரை அடித்த பிறகும் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கிப்போய்விட்டது. முதல் இரண்டும் அடியில் தங்கிய தண்ணீர் செய்த வேலை. மூன்றாவது, கல்லை ஒட்டும் பசையான அட்ஹெசிவ் போய்ச் சேராத இடம். நான்காவது, சீலரால் முடியாத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்ததால் வந்தது. கல்லின் மேல் பழி போட இவற்றில் எதிலும் இடமில்லை.

மேற்பூச்சுள்ள டைல் தன் முகத்தின் வழியாகத் தண்ணீரை விடாது. கல் விடும், மேலிருந்தும் கீழிருந்தும். எனவே டைல் ஒட்டிப் பழகிய கை அதே வழக்கத்தோடு கல்லையும் ஒட்டினால், அன்று சாயங்காலம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய வாரக்கணக்காகும்.

முதலில் கையில் இருப்பது என்ன கல் என்று தெரிய வேண்டும். கடையில் சொன்ன பெயரை நம்பாமல், வெட்டி மீந்த துண்டு ஒன்றை எடுத்து இரண்டு சோதனை செய்துவிடுங்கள். வினிகர் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலோ, பளபளப்பு போய் மங்கினாலோ அது கால்சைட் உள்ள கல்: மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன். கோட்டாவும் கடப்பாவும்கூட சுண்ணாம்புக்கல் வகைதான், கறுப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்து கிரானைட்டின் உறவு என்று நினைத்துவிடக் கூடாது. கிரானைட்டும் குவார்ட்சைட்டும் வினிகருக்கு அசையாது. ஸ்லேட்டும் மணற்கல்லும் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தன என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். அடுத்த சோதனை வெறும் தண்ணீர். ஒரு சொட்டு விட்டு நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்த இடம் கறுத்தால் அது நன்றாகக் குடிக்கிற கல். ஐந்து, பத்து நிமிடம் பிடித்தால் நடுத்தரம். அரை மணி நேரம் கழித்தும் நிறம் மாறவில்லை என்றால் அந்தக் கல்லுக்கு சீலரே தேவைப்படாமல் போகலாம். பாலிஷ் செய்த அடர் கறுப்புக் கிரானைட்டில் சீலர் அடித்து, உள்ளே போகாமல் மேலேயே படலமாகக் காய்ந்து, பிறகு அதைச் சுரண்டிக்கொண்டிருப்பது பலரும் தேடி வாங்கிக்கொள்ளும் தலைவலி.

சில கற்களுக்குத் தனிப் பாடம் உண்டு. பச்சை மார்பிள் என்று விற்கப்படும் செர்பன்டைன் கல், தண்ணீர் கலந்த அட்ஹெசிவில் வைத்தால் மூலை தூக்கிக்கொண்டு வளைந்துவிடும். அதற்குத் தண்ணீர் சேராத ரெசின் பசைகளான எபாக்சியோ பாலியூரித்தேனோதான். வெள்ளை, வெளிர் நிற மார்பிளுக்குச் சாம்பல் நிற அட்ஹெசிவ் போட்டால் அதன் நிழல் கல்லுக்குள்ளே தெரியும், ஆகவே வெள்ளை அட்ஹெசிவ். அதிலும் சீக்கிரம் இறுகும் வகை நல்லது; கலக்கிய தண்ணீரைத் தன் இறுக்கத்துக்கே எடுத்துக்கொண்டுவிடுவதால் கல்லுக்குள் ஏற மிச்சம் குறைவு. பின்பக்கம் ஃபைபர் வலை ஒட்டி வரும் கற்களில் அட்ஹெசிவ் பிடிப்பது கல்லை அல்ல, வலையை ஒட்டிய ரெசினை. சாதாரண சிமெண்ட் அட்ஹெசிவ் அதிலிருந்து தகடு போல உரிந்து வரும், இங்கும் எபாக்சிதான் நம்பகம். கறுப்புக் கல் வாங்கினால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல்.

அடித்தளம்

கான்கிரீட் தளத்துக்கு 28 நாள் என்பது பலத்துக்கான கணக்கு, காய்வதற்கான கணக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. சிமெண்ட் தளக் கலவை நாளுக்கு சுமார் 1 மி.மீ. கனம் காயும் என்பது தோராயமான விதி. 40 மி.மீ. போட்டிருந்தால் நாற்பது நாள், மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதல். சந்தேகம் இருந்தால் 45 செ.மீ. சதுரத்துக்கு கனமான பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுத் திறந்து பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தாலோ, தளம் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. தரைமட்டத்தில் மண்ணின் மேல் நேரடியாக உள்ள தளத்தில் இந்த ஈரம் எத்தனை மாதம் ஆனாலும் நிற்காது. அங்கே கல்லுக்கு முன் ஈரத்தடுப்புப் பூச்சு போட்டே ஆக வேண்டும்.

சமமாக இருப்பதும் மட்டமாக இருப்பதும் வேறு வேறு. வாட்டம் விட்ட தரை மட்டமாக இருக்காது, ஆனால் சமமாக இருக்கலாம். கல்லுக்கு வேண்டியது சமம். ஒரு பக்கம் 38 செ.மீ.க்கு மேல் உள்ள கற்களுக்கு, 3 மீட்டர் மட்டக்கோலை எந்தத் திசையில் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. பள்ளத்தை அட்ஹெசிவால் நிரப்பிச் சமாளிக்கப் பார்த்தால், அது இறுகும்போது சுருங்கிக் கல்லையும் கீழே இழுக்கும். பள்ளத்தை முந்தின நாளே நிரப்பி, மேட்டைத் தேய்த்துவிடுவது மேல். பெயிண்ட், ஜிப்சம் தூள், கியூரிங் கெமிக்கல் படிந்த தளத்தை இயந்திரம் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நின்றால் அங்கே எதுவும் ஒட்டாது.

மரத்தாங்கியின் மேல் உள்ள தரை என்றால் கணக்கே வேறு. செராமிக் டைலுக்குத் தாங்கி தன் நீளத்தில் 360-ல் ஒரு பங்கு வரை வளையலாம் என்றால், கல்லுக்கு 720-ல் ஒரு பங்குதான் அனுமதி. 3.6 மீட்டர் நீளத்துக்கு 5 மி.மீ. அதற்கு மேல் வளைந்தால் கல் விரிசல் விடும், பெரும்பாலும் அதன் இயற்கையான ரேகை வழியாகவே.

நூல் பிடித்தலும் அடுக்கிப் பார்த்தலும்

சுவரை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். அறையின் நடுவில் ஒரு நேர்கோடு, அதற்குச் செங்குத்தாக இன்னொன்று: ஒன்றில் 3 மீட்டர், மற்றதில் 4 மீட்டர் அளந்தால் குறுக்களவு சரியாக 5 மீட்டர் வர வேண்டும். சின்ன அறையில் அதில் பாதியை வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் வெட்டி வைக்கும் துண்டு அரைக் கல்லுக்குக் குறைந்தால் நடுக்கோட்டை அரைக் கல் தள்ளிப் போடுங்கள்.

பிறகு, எத்தனை பெட்டி இருந்தாலும் எல்லாவற்றையும் திறந்து, கலந்து, ஒட்டாமல் தரையில் பரப்பிப் பாருங்கள். கல்லுக்கு எண் கொடுத்து அச்சடிப்பவர் யாரும் இல்லை. ஒரு பெட்டி மஞ்சள் சாயல், அடுத்தது சாம்பல் சாயல் என்று வருவது இயல்பு. நாலைந்து பெட்டிகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்து வைத்தால் அது இயற்கை அழகு, பெட்டி பெட்டியாக வைத்தால் ஒட்டுப் போட்ட தரை. ரேகை அதிகம் உள்ள கல்லை நடுவிலும், மூளியான கல்லை வெட்டப்போகும் ஓரத்திலும் ஒதுக்குங்கள். சேதாரத்துக்கு நேராகப் போடும்போது 10 சதவீதமும், கோணலாகவோ ரேகை பொருத்தியோ போடும்போது 15 சதவீதமும் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. அதே சுரங்கத்தின் அதே நிறம் அடுத்த முறை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

இந்தக் கட்டத்தில் பலர் தவறவிடுகிற ஒரு வேலை, கல்லின் முதுகைக் கழுவுவது. அறுத்த ஆலையின் மாவு அங்கே படிந்திருக்கும். விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டும். அட்ஹெசிவ் அந்த மாவைப் பிடித்துக்கொள்ளும், கல்லை அல்ல. பிரஷ் வைத்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிறுத்தி வைத்து, முழுதாகக் காய விட வேண்டும்.

வெட்டும்போது முகம் மேல்பக்கம் இருக்கட்டும், தண்ணீர் ஓடும் டைமண்ட் பிளேடு போதும். கிரானைட்டையும் மணற்கல்லையும் உலர வெட்டினால் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கும். அதில் மூக்குக்குத் துணி கட்டுவதெல்லாம் காணாது, தண்ணீரும் சரியான முகமூடியும் இரண்டும் வேண்டும். தூணைச் சுற்றி ‘எல்’ வடிவில் வெட்டும்போது உள்மூலையில் முதலில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு அதுவரை வெட்டுங்கள். கூர்மையான உள்மூலைதான் பின்னாளில் விரிசலின் தொடக்கம். வெட்டிய ஓரத்தை 200, 400 கிரிட் தாளால் லேசாகத் தேய்த்து, ஆலை ஓரத்தின் சரிவோடு பொருத்திவிடுங்கள்.

ஒட்டும் நேரம்

10 முதல் 12 மி.மீ. வரை ஒரே கனத்தில் அறுத்து வரும் கல்லுக்கு அட்ஹெசிவ். ஒவ்வொன்றும் ஒரு கனமாக வரும் 18, 20 மி.மீ. கல்லுக்கும், பிளந்தெடுத்த கல்லுக்கும் கலவைதான் சரி. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு முதல் ஆறு பங்கு கழுவிய மணல், 30 முதல் 40 மி.மீ. கனம். ஈரம் அளவாக இருக்க வேண்டும்: கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி, தூக்கி, எங்கே பதியவில்லை என்று பார்த்து நிரப்பி, பின் கல்லின் முதுகில் அட்ஹெசிவை மெல்லப் பூசி மறுபடி வைப்பது நல்ல முறை. கலவையின் மேல் வெறும் சிமெண்ட் தூளைத் தூவிவிட்டுக் கல்லை வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தூள் எல்லா இடத்திலும் ஒரே அளவு நனையாது, நனையாத இடம் பின்னாளில் டொக்கடிக்கும். உப்பு கலந்த மணலும் கூடாது. அந்த உப்பு தண்ணீரோடு ஏறி வந்து இடுக்கில்தான் பூக்கும்.

அட்ஹெசிவ் முறையில், ஈஎன் 12004 என்ற ஐரோப்பியத் தரப்படி கூடுதல் பிடிப்புள்ள சி2 வகை, முடிந்தால் வளைந்து கொடுக்கும் எஸ்1 குறியீடும் உள்ளது, பெரும்பாலான தரைக் கற்களுக்குப் பொருந்தும். மூட்டையில் சொன்ன தண்ணீரை அளந்து ஊற்றி, தூளைச் சேர்த்து, மெதுவாகச் சுற்றும் இயந்திரத்தில் கலக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். பிறகு இறுகத் தொடங்கினால் தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். செலவுக் கணக்கு: 1 மி.மீ. கனத்துக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 முதல் 1.5 கிலோ. ஓரத்தில் 12 மி.மீ. பல் வெட்டிய கரண்டியில் இழுத்தால் அழுத்திய பின் கிட்டத்தட்ட 5 மி.மீ. நிற்கும். முதுகுப் பூச்சும் சேர்த்து 7, 8 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 20 சதுர மீட்டர் அறைக்கு 20 கிலோ மூட்டை எட்டு.

முதலில் கரண்டியின் தட்டைப் பக்கத்தால் தளத்தில் மெல்லிய பூச்சு ஒன்றை அழுத்தித் தேயுங்கள். அதன் மேல் பல் பக்கத்தால், எல்லா வரியும் ஒரே திசையில் ஓடும்படி இழுங்கள். வட்டம் வட்டமாக இழுத்தால் நடுவில் காற்று சிறைப்பட்டுவிடும். கல்லின் முதுகிலும் மெல்லிய பூச்சு. வைத்தபின் வரிகளுக்குக் குறுக்காக ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் தள்ளி அழுத்தினால் வரிகள் சாய்ந்து இடைவெளி மூடும். இப்போது அந்த முதல் கல்லைத் தூக்கிப் பாருங்கள். முதுகில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் வரிகள் சாயவே இல்லை: அழுத்தம் போதவில்லை, அல்லது பல் சிறிது. கோடும் இல்லை, அட்ஹெசிவும் கல்லில் ஏறவில்லை, தளத்தில் மட்டும் வரி வரியாக மிளிர்கிறது என்றால் மேலே ஆடை கட்டிவிட்டது. விரலால் தொட்டால் ஒட்டாது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். கல்லுக்கு வேண்டிய பிடிப்பு 95 சதவீதம். மூலைகள் நான்கும் நிச்சயம் நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் வெளிர் நிறக் கல்லில் ஐந்து கறுப்புப் பொட்டாகவே மேலே தெரிந்துவிடும்.

ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். வெயில் விழும் அறையிலும் மின்விசிறிக் காற்றிலும் பத்து நிமிடத்தில்கூட ஆடை கட்டும். பக்கத்துக் கல்லோடு ஏற்ற இறக்கம் வராமல் பார்க்க ஆப்பு வைத்த கிளிப்புகள் உதவும், ஆனால் அவை சமமில்லாத தரையைச் சமமாக்காது. ஆப்பை இறுக்கி இழுத்த கல், கிளிப்பை உடைத்ததும் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அடியில் வெற்றிடம் விழும்.

கல்லோடு கல்லை ஒட்டி இடைவெளியே இல்லாமல் வைப்பது பார்க்க அழகு, நாளாவட்டத்தில் ஓரம் பொரிந்துவிடும். பாலிஷ் செய்து ஓரம் சரியாக வெட்டிய கல்லுக்குக் குறைந்தது 1.5 மி.மீ., பொதுவாக 2, 3. பிளந்தெடுத்த கல்லுக்கு 6 முதல் 10. சுவரோரம் சுற்றிலும் 6 மி.மீ. வெற்றாக விடுங்கள், ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். பெரிய தரையில் 6 முதல் 7.5 மீட்டருக்கு ஒன்று, நேர் வெயில் படும் இடத்திலும் திறந்தவெளியிலும் 2.5 முதல் 3.5 மீட்டருக்கு ஒன்று என்று, தரை விரிந்து சுருங்க இடம் விடும் அசையும் இணைப்பு வேண்டும். தளத்தில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் அதன் மேலேயே கல்லிலும் இணைப்பு வர வேண்டும். அதில் மற்ற இடுக்குகளை நிரப்பும் சிமெண்ட் கலவையான கிரவுட்டைப் போடக் கூடாது, சிலிக்கான். அதுவும் இறுகும்போது புளித்த வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அதிலிருந்து வெளிவருவது அசிட்டிக் அமிலமே. சாதாரண சிலிக்கானின் எண்ணெய்ப் பசை கல்லுக்குள் இறங்கி ஓரத்தை நிரந்தரமாகக் கறுக்க வைக்கும். இயற்கைக் கல்லுக்கென்று குறிப்பிட்ட நியூட்ரல் வகையையே வாங்குங்கள்.

கிரவுட்

கல்லை வைத்து ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்காமல் விட வேண்டும். நன்றாகக் குடிக்கிற கல்லிலும், துளையுள்ள கல்லிலும், வெளிர் கல்லுக்கு அடர் நிறக் கிரவுட் போடும்போதும், கிரவுட்டுக்கு முன்பு முகத்தில் மட்டும் ஒரு தடவை சீலர் பூசுவது உண்டு. கிரவுட்டின் நிறமும் சிமெண்ட் பாலும் துளைக்குள் இறங்காமல் இருக்க அது ஒரு காப்பு. இடுக்குக்குள் வழிய விடாதீர்கள்: சீலர் பட்ட பக்கத்தில் கிரவுட் பிடிக்காது. முதுகில் பட்டால் அட்ஹெசிவும் பிடிக்காது. இது இறுதி சீலர் அல்ல, மெல்லிய ஒரு பூச்சு மட்டும். ஈரம் ஆவியாகப் போக வழி விடும் வகையாக இருக்க வேண்டும்.

3 மி.மீ.க்குக் குறைந்த இடுக்குக்கு மணல் இல்லாத கிரவுட், அதற்கு மேல் மணல் உள்ளது. பாலிஷ் மார்பிளில் மணல் கிரவுட்டை ரப்பர் கட்டையால் இழுத்தால் கீறல் விழும். கால்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3, குவார்ட்ஸ் மணலுடையது 7. அளவுக்கு ஒரு சூத்திரம்: கல்லின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அவற்றின் பெருக்கலால் வகுத்து, அதைக் கனம், இடுக்கின் அகலம், 1.6 ஆகியவற்றால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். எல்லா அளவும் மி.மீ.-ல். 600-க்கு 300, 10 மி.மீ. கனம், 3 மி.மீ. இடுக்கு என்றால் 0.24 கிலோ.

கல்லைக் கொஞ்சம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இடுக்குக்குக் கோணலாகக் கிரவுட்டை அழுத்தி நிரப்புங்கள். சிறு பகுதியாகச் செய்து உடனுக்குடன் மேலே இருப்பதை வழித்தெடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் பிழிந்த ஸ்பாஞ்ச். சொட்டச் சொட்ட வைத்தால் நிறமும் வெளுக்கும், தண்ணீரும் கீழே இறங்கும். மறுநாள் தெரியும் மங்கலைப் போக்க ஆசிட் ஊற்றும் பழக்கத்தை மார்பிள், சுண்ணாம்புக்கல் பக்கம் கொண்டுவரவே கூடாது. கல்லே கரையும்.

சீலர், அதுவும் கடைசியில்

கிரவுட் இறுகிய கையோடு சீலர் அடித்து வேலையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் அடியில் உள்ள தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி கல்லும் இடுக்கும்தான். அட்ஹெசிவ் தரையில் குறைந்தது மூன்று நாள், ஒரு வாரம் என்றால் நிம்மதி. கனமான கலவையில் பதித்த தரைக்கு ஒரு மாதமும் அதற்கு மேலும். ஓரங்கள் கறுத்துத் தெரிகிற வரை காயவில்லை என்றே அர்த்தம்; அதே பாலித்தீன் சோதனையை இங்கேயும் செய்யலாம். இடையில் தரையை மூட வேண்டுமென்றால் காற்றுப் போகும் அட்டையோ துணியோ போடுங்கள், பிளாஸ்டிக் தாள் வேண்டாம். பூத்த உப்பை முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய் மறுபடி பூக்கும்.

சீலரில் இரண்டு குடும்பம். சிலேன், சிலாக்சேன், ஃப்ளூரோபாலிமர் வகைகள் துளைக்குள் இறங்கிச் சுவரில் படிந்து, தண்ணீரை விலக்கும், ஆவியை விடும். அக்ரிலிக், யூரித்தேன் வகைகள் மேலே படலமாக நிற்கும்: பளபளக்கும், கீறும், ஈரத்தில் வழுக்கும், அடியில் ஈரம் இருந்தால் வெள்ளையாகிக் கொப்பளித்து உரியும். வீட்டுத் தரைக்கு நான் முதல் குடும்பத்தைத் தாண்ட மாட்டேன். கல்லின் நிறத்தை ஆழமாக்கிக் காட்ட வேண்டுமென்றால் அதற்கும் உள்ளே இறங்கும் வகையே இருக்கிறது. ஆனால் ஒருமுறை பூசிவிட்டால் பழைய வெளிர் நிறத்துக்குத் திரும்புவது கடினம். மீந்த துண்டில் பூசி, முழுக்கக் காய்ந்த பின் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பு என்பது கல்லின் தாகத்தைப் பொறுத்தது. மணற்கல்லில் ஐந்து, ஆறு சதுர மீட்டரிலேயே தீரும், பாலிஷ் கல்லில் இருபதையும் தாண்டும். நியூட்ரல் சோப்பால் கழுவி, ஒரு நாளாவது காயவிட்டு, இரண்டு மூன்று சதுர மீட்டராகப் பிரித்துக்கொண்டு, துணியாலோ கம்பளி ரோலராலோ சீராகப் பூசுங்கள். டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம், ஈரமாகவே வைத்திருங்கள். உறிஞ்சும் இடத்தில் இன்னும் கொஞ்சம். பிறகு மேலே மிச்சம் இருப்பதை உலர்ந்த துணியால் ஒரு சொட்டும் விடாமல் துடைக்க வேண்டும். துணி நனைந்ததும் மாற்றுங்கள், நனைந்த துணி துடைக்காது, பரப்பும். மறந்துவிட்ட இடம் மறுநாள் பிசுபிசுப்பாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரியும். அதே சீலரைக் கொஞ்சம் மேலே தடவினால் காய்ந்தது இளகும், உடனே துடைத்துவிடலாம். இரண்டு நாள் போய்விட்டால் இளகாது, கரைப்பானும் வெள்ளை நைலான் தேய்ப்பானும் தேவைப்படும். கரைப்பான் கலந்த சீலர் என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, பைலட் விளக்கு எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பூசியபின் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

இனி அந்த எலுமிச்சைச் சாறு. சீலர் தடுப்பது கறையை: எண்ணெயும் சாயமும் உள்ளே ஊறுவதை. அமிலம் ஊற வேண்டியதே இல்லை, கால்சைட்டை மேற்பரப்பிலேயே அரித்துவிடும். எந்த உள்-இறங்கு சீலரும் இதைத் தடுக்காது. மங்கிய இடத்தைப் பாலிஷ் பவுடரால் தேய்த்து மீட்கலாமே தவிர, இன்னொரு கோட் சீலரால் அல்ல. சமையலறைக்கு மார்பிள்தான் வேண்டும் என்று முடிவானால், பளபளப்பு வராமல் வழவழப்பாக மட்டும் தேய்த்த, ஹோன் செய்த முகத்தை எடுங்கள். அரிப்பு அதில் அவ்வளவாகக் கண்ணில் படாது, வழுக்கலும் குறைவு. வெள்ளை மார்பிள் நாளடைவில் மஞ்சளாகிப் பழுப்பேறினால் அது அழுக்காக இல்லாமல், கல்லுக்குள் இருக்கும் இரும்பு ஈரத்தில் துருப்பிடிப்பதாக இருக்கலாம். பிளீச் ஊற்றினால் இன்னும் மோசமாகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

மறு சீலருக்கு ஆண்டுக்கணக்கு வைத்துக்கொள்வதைவிடத் தண்ணீர்ச் சொட்டையே கேட்கலாம். அதிகம் நடக்கும் இடத்தில், கதவருகில், சமையல் மேடைக்கு முன்னால் என்று மூன்று இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கறுத்த இடத்துக்கு மட்டும், கழுவிக் காயவைத்து, ஒரு கோட்.